இந்த வீட்டில் யாருக்குத் திருவிழா?

2026 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வயது. அந்த நாளை முன்வைத்து நாடெங்கும் கவுண்டி அலுவலகங்களில் நிகழ்ச்சி நிரல் போடும் வேலை சூடுபிடித்தது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுவும் சொந்த வரி வருமானமும் அதற்கு உண்டு. தலைநகர் வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்து மாநிலத்தில் இரண்டு பெரிய கவுண்டிகள் இருக்கின்றன. கிழக்கே பிரின்ஸ் ஜார்ஜஸ், வடக்கே மான்ட்கொமரி. 2020 கணக்கெடுப்பின்படி முதலாவதில் 9.67 லட்சம் பேர், இரண்டாவதில் 10.6 லட்சம் பேர். இரண்டுக்கும் பொதுவாக 1927இல் மாநிலச் சட்டத்தால் அமைந்த பூங்கா மற்றும் திட்ட ஆணையம் ஒன்று இருக்கிறது. சொத்து வரியில் நடக்கும் அமைப்பு. விளையாட்டுத் திடலையும் நடைபாதையையும் பராமரிக்கும் அதே கையில்தான் இருநூறு ஆண்டுப் பண்ணை மாளிகைகளும், அடிமைக் குடியிருப்பின் இடிபாடுகளும், கறுப்பினச் சிறுவர்கள் படித்த ஒற்றைக் கட்டடப் பள்ளியும் உள்ளன. இந்த இடங்களில் ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்: டிசம்பரில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாளிகை உலா, விறகடுப்பில் பழங்காலச் சமையல், போர்வீரர் உடையில் பாசறை, தொல்லியல் நாள், கல்யாணங்கள். இவற்றை உபரி வேலை, கூட்டம் சேர்க்கும் உத்தி என்றே அருங்காட்சியகத் துறையில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு வரலாற்று இடம் யாருடையது என்ற கேள்விக்குப் பத்திரப் பதிவு சொல்லும் பதில் ஒன்று. அங்கே யார் பெயரில், யார் கையால், எந்த நாளில் விழா நடக்கிறது என்பது சொல்லும் பதில் வேறு. நாளடைவில் நிலைப்பது இரண்டாவதுதான்.

தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பத்து நாள் திருவிழாவில் எந்த நாள் யாருடைய மண்டகப்படி என்ற பட்டியலைப் பார்த்தால் போதும், அந்த ஊரில் யாருக்கு என்ன இடம் என்பது தெரிந்துவிடும். ஸ்தல புராணம் அதைச் சொல்லாது. கவுண்டியின் நிகழ்ச்சி நிரலும் அப்படிப்பட்ட பட்டியல்தான். சாதுவான அலுவலகக் காகிதம் போலத் தோன்றுவதால் யாரும் அதை அரசியலாகப் பார்ப்பதில்லை.

பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் உள்ள ரிவர்ஸ்டேல் மாளிகையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் புரட்சியின் படைகளுக்கு அஞ்சி ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஓடிவந்த ஹென்றி ஸ்டியர் என்ற பிளெமிஷ் செல்வந்தர் 1801இல் கட்டத் தொடங்கினார். மகள் ரோசலியும் மருமகன் ஜார்ஜ் கால்வர்ட்டும் 1807வாக்கில் முடித்தார்கள். ஸ்டியர் கொண்டுவந்த ஓவியத் தொகுப்பில் ரூபன்ஸ் படங்களும் இருந்தன. 1814 ஆகஸ்டில் ஆங்கிலேயருடனான பிளேடன்ஸ்பர்க் போர் பக்கத்திலேயே நடந்தபோது, பீரங்கிக் குண்டுகள் பறப்பதைச் சன்னல் வழியே பார்த்ததாக ரோசலி கடிதம் எழுதியிருக்கிறார். இந்தக் கடிதங்கள் 1991இல் நூலாக வந்தன. மாளிகையை 1949லேயே ஆணையம் வாங்கியிருந்தது. ஓவியம், கடிதம், போர், வேளாண் கல்லூரி நிறுவிய ரோசலியின் மகன் என இவ்வளவு சரக்கு இருக்கும்போது ஓர் இடத்தில் என்னென்ன விழாக்கள் தோன்றும் என்று ஊகிப்பது கடினமல்ல. மெழுகுவத்தி உலாவும் போர்ப் பாசறையும் ரோசலியின் பார்வையிலிருந்து பிறந்தவை. அவற்றில் பொய் இல்லை. ஒரு சன்னலிலிருந்து தெரிவது மட்டும் இருக்கிறது.

அதே பண்ணையில் ஆடம் பிரான்சிஸ் பிளம்மர் என்பவர் இருந்தார். 1819இல் பிறந்தவர்; கால்வர்ட் குடும்பத்தின் அடிமை. எழுதப் படிக்கத் தெரிந்தவர். 1841இல், தம் திருமண ஆண்டில், ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். அடிமையாக இருந்தபோதே ஒருவர் எழுதிய நாட்குறிப்பு என்பது அமெரிக்காவில் மிக அரிய பொருள். மனைவி எமிலி வேறொருவரின் உடைமை. வேறொரு பண்ணையில் இருந்தார். வாரக் கடைசியில் நடந்து போய்ப் பார்த்து வருவதுதான் குடித்தனம். பின்னர் எமிலி இன்னும் தொலைவுக்குப் போக நேர்ந்தது. மகள் சாரா மிராண்டா நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்பட்டாள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு குடும்பம் அவளைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தது. மகன் ஹென்றி தப்பியோடிக் கடற்படையில் சேர்ந்து, 1884இல் அமெரிக்கப் படையின் முதல் கறுப்பின நிரந்தர மதகுருக்களில் ஒருவராக நியமனம் பெற்றார். இன்னொரு மகள் நெல்லி 1927இல் குடும்பக் கதையை நூலாக எழுதினார். வெகுகாலம் தொலைந்ததாகக் கருதப்பட்ட அந்தக் குறிப்பேடு குடும்பத்தார் வழியாக வெளிப்பட்டு, இன்று ஸ்மித்சோனியனின் அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோசலியின் கடிதங்களை விடக் குறைந்த சான்றா இது? இல்லை. ஆனால் இந்தச் சான்றைப் பிடித்துக்கொண்டு நின்றது மாளிகை அல்ல, குடும்பம். கட்டடத்தைக் காத்தவர்கள் ஒரு பக்கம், கதையைக் காத்தவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரு தரப்பும் ஒரே முற்றத்தில் சந்திக்க ஒரு நாள் குறித்தால்தான் உண்டு; கண்காட்சிப் பலகையில் பிளம்மர் பெயரை எழுதி வைப்பதால் மட்டும் அந்தச் சந்திப்பு நடந்துவிடாது. பலகை, வருபவருக்குத் தகவல் தரும். விழாவோ, வராமல் இருந்தவரை வரவழைக்கும்.

விழா வரலாற்றை மாற்றுகிறதா, அல்லது மாறிய வரலாற்றைக் கொண்டாடுகிறதா என்பது நியாயமான கேள்வி. இதற்குத் தெளிவான விடை வட கரோலினாவில், வாஷிங்டன் என்றே பெயர் கொண்ட ஒரு கவுண்டியில் உள்ள சாமர்செட் பிளேசில் கிடைக்கிறது. பெல்ப்ஸ் ஏரிக்கரையில் உள்ள பெரும் பண்ணை அது. 1786இல் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே கொண்டுவரப்பட்ட 80 பேரைக் கொண்டு சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி உருவாக்கியது. 80 ஆண்டுகளில் 800க்கு மேற்பட்டோர் அங்கே அடிமைகளாக வாழ்ந்தார்கள். மாநில அரசின் வரலாற்று இடமாக ஆன பின்பும் வருபவர்களுக்குக் காட்டப்பட்டது பண்ணை உரிமையாளரான காலின்ஸ் குடும்பத்தின் மாளிகைதான். வர்ஜீனியாவில் சமூகநலப் பணியாளராக இருந்த டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்ட், 1977இல் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு தம் மூதாதையரைத் தேடத் தொடங்கினார். விற்பனைச் சீட்டுகள், உயில்கள், பண்ணைக் கணக்குகள் என்று சுமார் பத்து ஆண்டுகள். தேடல் சாமர்செட்டில் போய் முடிந்தது. ஆனால் அதற்குள் அவரிடம் சேர்ந்திருந்தது தம் குடும்பத்தின் பெயர்கள் மட்டுமல்ல, அங்கிருந்த 21 குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பற்றிய தகவல். 1986 ஆகஸ்ட் 30 அன்று அவர்களையெல்லாம் அந்தப் பண்ணைக்கு அழைத்தார். 2,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ‘ரூட்ஸ்’ நூலாசிரியர் அலெக்ஸ் ஹேலியும் வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். ரெட்ஃபோர்ட் அந்த இடத்தின் மேலாளராக நியமிக்கப்பட்டார். 2008 வரை பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் அகழாய்வு நடந்து, அடிமைகளின் வீடுகளும் அவர்களுக்கான மருத்துவமனையும் மறுபடி கட்டப்பட்டன. வரிசை இதுதான்: முதலில் ஆவணம், அடுத்து விழா, அதன்பின் பதவி, கடைசியில் கட்டடம். அருங்காட்சியகத் துறை வழக்கமாகக் கற்பனை செய்வது இதற்கு நேர்மாறு. முதலில் கட்டடத்தைச் சீர்செய்வோம், பிறகு கண்காட்சி, கடைசியில் மக்களை அழைத்து ரிப்பன் வெட்டுவோம் என்பது அதன் பாடம். மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் கவுண்டியில் உள்ள சாட்டர்லியிலும் சாமர்செட்டின் வரிசையே நடந்தது. பால்டிமோரைச் சேர்ந்த குடும்ப வரலாற்று ஆய்வாளர் ஆக்னஸ் கேன் காலம், தம் முப்பாட்டனார் ஹிலரி கேன் அடிமையாக இருந்த அந்தப் பண்ணைக்கு உறவினர்களை ஆண்டுதோறும் யாத்திரையாக அழைத்துப் போனார். பின்னர் அதன் அறங்காவலர்களில் ஒருவரானார். 1830களின் அடிமைக் குடிசை ஒன்று அங்கே இன்று நிற்பதற்கு அந்த வருகைகளின் அழுத்தமும் காரணம்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, பெரும்பாலும் பேசப்படாதது. சில இடங்களில் விழா என்பது கட்டடத்துக்குப் பின்னால் ஒட்டவைத்தது அல்ல, கட்டடம் தோன்றியதே அதற்காகத்தான். பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியின் பெல்ட்ஸ்வில் பகுதியில் ஆபிரகாம் ஹால் என்ற எளிய மரக் கட்டடம் உள்ளது. விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் குடியேறிய ராஸ்வில் என்ற சிற்றூரில், ஆபிரகாமின் மக்கள் என்று பெயர் சூட்டிக்கொண்ட பரஸ்பர உதவிச் சங்கம் 1889இல் கட்டியது. நோயுற்றவருக்கு உதவி, இறந்தவருக்கு அடக்கச் செலவு, மற்ற நாட்களில் கூட்டம், வழிபாடு, படிப்பு எல்லாம் அங்கேதான். பிறகு அதே கட்டடம் கவுண்டியின் கறுப்பின வரலாற்றுத் திட்டத்தின் அலுவலகமானது. 1927இல் எழுந்த ரிட்ஜ்லி பள்ளியும் அந்த ரகம். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதி தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகளும் இணைக் கட்டடங்களும் எழ உதவியது. ஆனால் அந்த நிதி செலவில் ஒரு பங்கை மட்டுமே தரும், ஊரும் தன் பங்கைத் திரட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விருந்து வைத்தும் வசூல் செய்தும் கட்டிய சுவர்கள் அவை. இப்படிப்பட்ட இடத்தில் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை மாட்டுவதுதான் வரலாற்றுக்குப் புறம்பான செயல். அங்கே சமூகக் கூடுகை நடப்பதே அசல் பயன்பாடு.

துயரம் நடந்த இடத்தில் கொண்டாட்டமா என்ற எதிர்ப்பு வலுவானது. அதை உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட முடியாது. 2019 டிசம்பரில் ‘கலர் ஆஃப் சேஞ்ச்’ என்ற உரிமை அமைப்பின் வற்புறுத்தலால், பின்டரெஸ்டும் திருமணத் தளமான ‘தி நாட்’டும் பண்ணை மாளிகைக் கல்யாணங்களை அழகாக்கிக் காட்டுவதைக் கட்டுப்படுத்தின. மான்ட்கொமரி கவுண்டியிலேயே இந்த முரணை ஒரே வேலிக்குள் பார்க்கலாம். சாண்டி ஸ்பிரிங் அருகே உட்லான் மேனர் என்ற பண்ணை மாளிகை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது; அதே நிலத்திலிருந்துதான் தப்பியோடிய அடிமைகளின் வழியை உணர்த்தும் காட்டுப் பாதை நடைபயணமும் புறப்படுகிறது. ஒரு பக்கம் மணமக்களுக்கான அலங்காரம், மறுபக்கம் மரப் பொந்தில் ஒளிந்தவர்களைப் பற்றிய விளக்கம். ஆனால் இந்த எதிர்ப்பு எதைக் கண்டிக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், அது மகிழ்ச்சியைக் கண்டிக்கவில்லை, மறதியைக் கண்டிக்கிறது. அடிமை ஒழிப்பைக் கறுப்பின மக்கள் தொடக்கத்திலிருந்தே ஊர்வலம், பாட்டு, பெருவிருந்து என்றுதான் நினைவுகூர்ந்தார்கள். பிரிட்டிஷ் பேரரசில் 1834 ஆகஸ்ட் 1 அன்று ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளைக் கனடாவின் கறுப்பினக் குடியிருப்புகள் தலைமுறைகளாகக் கொண்டாடின. மேரிலாந்தில் புதிய அரசியலமைப்பின் வழியே அடிமைமுறை முடிந்தது 1864 நவம்பர் 1 அன்று. அந்த நாளில் ஒரு பழைய பண்ணையில் பந்தி விரித்தால் அது துயரத்தை அவமதிப்பதாகாது. அந்த மாளிகையில் அதற்கு முன் நடந்த விருந்துகளில் பரிமாறியவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால், அதைவிடக் கறாரான வரலாற்றுப் பாடம் எது?

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த எதிர்ப்பு. கல்யாண வாடகை கூரைக்குச் செலவாகிறது, நினைவு நாளுக்கு நுழைவுக் கட்டணம்கூட வாங்க முடியாது என்பார்கள். கணக்கு அளவில் உண்மை. ஆனால் இவை வரிப்பணத்தில் நிற்கும் இடங்கள். ஒவ்வொரு ஆண்டும் வரவுசெலவு விவாதத்தில் இவற்றுக்காக எழுந்து பேச ஆள் வேண்டும். அமெரிக்கக் கலைநிதி அமைப்பின் தேசிய ஆய்வுப்படி, ஓராண்டில் வரலாற்று இடம் ஒன்றையாவது பார்த்த வயதுவந்தோர் 1982இல் 37 சதவீதம், 2012இல் 24, 2017இல் சற்று மீண்டு 28. மாளிகை வகைச் சுற்றுலாவின் பழைய வாடிக்கையாளர் குறைந்துவிட்டார். மான்ட்கொமரி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். எல் சால்வடோரிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து வீட்டுவரி கட்டுபவருக்கு, ஒரு கால்வர்ட் வீட்டுப் பீங்கான் தட்டைப் பார்க்கச் சனிக்கிழமையைச் செலவிட என்ன அவசியம்? பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பம் தன் கதையைச் சொல்லிச் சாப்பாடு போடும் நாள் என்றால் போவார். கல்யாண வாடகையும் இருக்கட்டும். ஆனால் அந்த வருமானத்தில் ஒரு பங்கு அதே நிலத்தின் வழித்தோன்றல்கள் நடத்தும் நாளுக்கு என்று எழுதி ஒதுக்கப்பட வேண்டும். அப்படி ஒதுக்காத கவுண்டி, பணத்தட்டுப்பாட்டைக் காரணம் காட்டும் தகுதியை இழக்கிறது.

உண்மையில் சங்கடப்படுத்தும் எதிர்ப்பு வேறு. விழாவுக்குக் கதை தேவை. கதைக்கு ஆசை தேவை. ஆசை சான்றை விழுங்கிவிடும். இதற்கும் மான்ட்கொமரியிலேயே உதாரணம் உள்ளது. ஜோசையா ஹென்சன் 1789இல் மேரிலாந்தில் பிறந்து, ஐசக் ரைலி என்பவரின் பண்ணையில் அடிமையாக உழைத்தவர். 450 டாலருக்கு விடுதலை என்று பேசிப் பணம் திரட்டிய பிறகு, பத்திரத்தில் 1,000 டாலர் என்று மாற்றி ஏமாற்றப்பட்டவர். 1830இல் குடும்பத்துடன் கனடாவுக்குத் தப்பினார். 1849இல் தன்வரலாறு வெளியிட்டார். ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலுக்கு அது தூண்டுதல்களில் ஒன்று. ரைலியின் வீடு விற்பனைக்கு வந்தபோது, வீட்டோடு ஒட்டியிருந்த மரக்கட்டை அறைதான் ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற நம்பிக்கையில் 2006இல் ஆணையம் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு மரத்தின் ஆண்டு வளையங்களை ஆய்ந்தவர்கள் அந்த மரம் 1850வாக்கில் வெட்டப்பட்டது என்றார்கள். ஹென்சன் ஓடிப்போய் இருபது ஆண்டு ஆகியிருந்தது.

கவுண்டி அப்போது இரண்டு தப்பான வழிகளில் ஒன்றில் போயிருக்கலாம்: முடிவை மூடிமறைப்பது, அல்லது வாங்கியதே தவறு என்று கைவிடுவது. இரண்டையும் செய்யவில்லை. ஹென்சன் உழைத்த மண் அதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே பல ஆண்டு அகழாய்வு; அதில் பொதுமக்களும் தன்னார்வலர்களாக மண் சலித்தார்கள். 2021 ஏப்ரலில் அருங்காட்சியகம் திறந்தபோது அது டாம் மாமாவின் பெயரில் இல்லை, ஹென்சனின் பெயரில் இருந்தது. கனடாவில் டிரெஸ்டன் ஊரில் ஹென்சன் குடியேறிய இடத்திலுள்ள அருங்காட்சியகமும் 2022இல் ‘அங்கிள் டாம்’ பெயரை விட்டு ஹென்சன் பெயரை ஏற்றது. நிபுணரையும் ஊர்க்காரரையும் எதிரெதிராக நிறுத்துபவர்கள் இந்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். மரவளையம் சொன்ன கசப்பான செய்தியை ஊர் ஏற்றுக்கொண்டது, சலிக்கும் வேலையில் தானும் இருந்ததால்தான் என்பது என் கணிப்பு. ஆசை சான்றை விழுங்கும் அபாயம், மக்களைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்கும் இடத்தில்தான் அதிகம்.

வழித்தோன்றல் என்றால் யார், யார் சார்பில் யார் பேசுவது என்ற சிக்கலும் இருக்கவே செய்கிறது. வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டியில், ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனின் மாண்ட்பீலியர் மாளிகையை நடத்தும் அறக்கட்டளை 2021இல் வழித்தோன்றல் குழுவுக்கு வாரியத்தில் சம இடம் என்று அறிவித்தது. 2022 மார்ச்சில் அதிலிருந்து பின்வாங்கியது. நாடு தழுவிய கண்டனத்துக்குப் பின் மே மாதம் மறுபடி ஏற்றது. வீட்டைத் திறந்துவிட்டவர்களுக்கே, வழித்தோன்றல்களுக்கு நிரல் போடும் மேசையில் நாற்காலி தருவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தச் சில மாதங்கள் போதும். ரத்த உறவை மட்டும் அளவுகோலாக்கினால் விற்பனையில் சிதறியவர்கள் மறுபடி விடுபடுவார்கள். ஆகவே அந்த மண்ணின் கதையோடு தலைமுறையாகத் தொடர்புடைய தேவாலயங்களையும் குடியிருப்புகளையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கும். சண்டை வரும். வரட்டும். மண்டகப்படிச் சண்டை இல்லாத ஊரும் உண்டா என்ன? 2025 மார்ச்சில் கூட்டாட்சி அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் வரலாறு எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்று ஜனாதிபதி ஆணை பிறப்பித்த பிறகு, அந்த ஆணைக்கு நேரடியாகக் கட்டுப்படாத கவுண்டி இடங்களின் பொறுப்பு கூடியிருக்கிறது. அங்கே நாள் குறிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களைக் கேள்வி கேட்கவும் உள்ளூரால் முடியும்.

அந்தக் கேள்வி மான்ட்கொமரியில் இப்போது ரிவர் ரோடு ஓரத்தில் நிற்கிறது. பெதஸ்டா பகுதியில் கவுண்டியின் வீட்டுவசதி அமைப்புக்குச் சொந்தமான வெஸ்ட்வுட் டவர் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடம். அதன் தாருக்கு அடியில் மோசஸ் கல்லறைத் தோட்டம். ஆபிரகாம் ஹாலைக் கட்டியவர்களைப் போலவே, மோசஸின் மக்கள் என்று பெயர் சூட்டிய கறுப்பினப் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று 1911இல் வாங்கிய நிலம் அது. 1960களில் கட்டுமானம் அதை மூடியது. 2021இல் அமைப்பு அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு விற்க முனைந்தபோது, எதிரே உள்ள மாசிடோனியா பாப்டிஸ்ட் தேவாலயத்தாரும் கல்லறைக் கூட்டமைப்பினரும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே கண்காட்சி அரங்கு இல்லை, மெழுகுவத்தி உலா இல்லை. பல ஆண்டுகளாக மக்கள் சாலையோரம் பதாகையோடு கூடுகிறார்கள், பெயர் தெரிந்த இறந்தோரின் பெயர்களைச் சொல்கிறார்கள். ஹென்சனின் மண்ணில் தொல்லியல் நாள் நடத்தத் தெரிந்த கவுண்டி, சில மைல் தள்ளி நடக்கும் இந்தக் கூடுகையைத் தன் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகச் சேர்க்கிறதா, அல்லது போக்குவரத்துக்கு இடையூறு என்ற கணக்கில் வைக்கிறதா என்பதை அதன் ஆட்சிக்குழு முடிவு செய்தாக வேண்டும்.